எட்டாவது பேனரில் வந்த முகம்

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருக்கிறது ஜெசிந்தாவின் கணிப்பொறிக் கடை. செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுத் தருவது அவள் தொழில். யாரும் நம்பாத கதைகளைப் பொறுமையாகக் கேட்பது அவள் குணம். அந்தக் குணத்தால் கடைக்குப் பத்துப் பைசா வரவில்லை என்பது கூட்டாளி சித்தார்த்தனின் தீராத குறை. அவன் சிசிடிவி மாட்டுகிறவன். கேமரா வைத்தால் தீராத மர்மம் உலகத்தில் இல்லை என்று அடித்துப் பேசுவான். ஆனால் பேய் என்று யாராவது சொல்லிவிட்டால் முதலில் கதவைப் பார்ப்பவனும் அவன்தான்.

ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், நீளமான ஃப்ளெக்ஸ் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கலையரசி படியேறி வந்தாள். திண்டிவனத்தில் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுருளைத் தரையில் உருட்டிவிட்டாள்.

பத்தடி நீளத்துக்கு ஒரு முகம் விரிந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு ஆண், நேராகப் பார்த்துச் சிரித்தான். சித்தார்த்தன் தன்னையறியாமல் கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டான்.

"எங்க வூட்டுக்காரரு தென்னரசு. செத்துப் பதினாலு மாசம் ஆவுது மேடம்," என்றாள் கலையரசி. "கல்யாண பேனர் அனுப்புனா இவரு வர்றாரு."

"தெனமுமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"சாதா நாள்ல வர்றதே இல்ல. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும்தான். வைகாசில ஒருவாட்டி, ஆனில ஒருவாட்டி, போன வாரம் ஒருவாட்டி. வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு மறு கல்யாணம். ஆனந்தராஜுன்னு, ஓமந்தூர்ல வாத்தியாரா இருக்காரு. இவருக்குப் புடிக்கலியோன்னு பயமா இருக்குது மேடம். வெள்ளிக்கெழம முகூர்த்தம். நாளைக்கும் வந்துட்டாருன்னா நான் கல்யாணத்த நிறுத்திடுவேன்."

ஜெசிந்தா பேனரில் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். "இந்தப் படம் எதுக்கு எடுத்தது?"

"கலர் பாக்கறதுக்கு. மனுஷத் தோல் நெறம் சரியா வருதான்னு, காலையில மொதல்ல அவரு மூஞ்சியத்தான் கொஞ்சமா அடிச்சி நிறுத்திப் பாப்பாரு. அவரு போனப்பறம் நான் அடிக்கறதில்ல. அழிக்கவும் மனசு வரல. தெனம் புது ஃபோல்டர் தொறந்தா அது தானா வந்து உக்காந்துகினு இருக்கும்."

"பேனர எப்படி மிஷினுக்கு அனுப்புவீங்க?"

"கம்ப்யூட்டருக்கு அவரு வரிவரியா எழுதி வெச்ச ஸ்கிரிப்ட்டு இருக்குது. டிசைன் முடிஞ்சதும் அதுவே அன்னைக்கி வரிசைப்படி நம்பர் போட்டு ஃபைலுக்குப் பேரு வெச்சிடும். ஒண்ணுக்கு 001. அப்பறம் கருப்பா ஒரு ஜன்னல் வரும். அதுல அந்த நம்பர அடிச்சா மிஷின் ஓட ஆரம்பிச்சிடும். வெள்ளையா ஒரு வரி மின்னிட்டு ஜன்னல் மூடிக்கும். திரையில நான் பாத்து அனுப்பறது பொண்ணு மாப்பிள்ள. மிஷின்ல வர்றது இவரு."

"அன்னைக்கி எத்தனாவது பேனர்ல வந்தாரு?"

"மூணு நாளும் எட்டாவதுல. அதோட ஒம்பதாவதுலயும். அதுக்கப்பறமும் சரியா வரல. பத்தாவதா காதுகுத்து பேனர் அனுப்புனா, எட்டாவது கல்யாண ஜோடி வந்து நிக்குது."

"எட்டு ராசியில்லாத நம்பர் அக்கா," என்றான் சித்தார்த்தன் மெதுவாக.

"ஒம்பதுமா?" என்றாள் ஜெசிந்தா.

கலையரசி இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் அவள் பயந்து எழுந்துவிட்டதால், வேலைக்கு இருக்கும் பொன்னி அதே எட்டாவது பேனரை மறுபடி அனுப்பினாளாம். ஒழுங்காக வந்துவிட்டது. "அவ அனுப்புனா வரல. நான் அனுப்புனாத்தான் வர்றாரு."

மறுநாள் காலை மழைத் தூறலோடு திண்டிவனம் போய் இறங்கினார்கள். நெடுகிலும் கம்பங்களில் நனைந்த பேனர்கள். முகங்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மணி பத்துதான். ஆனாலும் கடைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. மை வாடை மூக்கைப் பிடுங்கியது. மூலையில் நான்கு சுருள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நான்கிலும் தென்னரசுதான்; கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.

அச்சு இயந்திரத்தின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. "திருவக்கரை காளியம்மன் கோயில்ல வெச்சி எடுத்தாந்தது," என்றார் அங்கே நின்ற பெரியவர். தென்னரசுவின் அண்ணன் தாண்டவராயன். "எந்தம்பிக்கு இஷ்டமில்ல. நான் சொன்னா இந்தப் பொண்ணு கேக்கல. அவனே வந்து சொல்லிக்கினு இருக்கான்."

சித்தார்த்தன் ஜெசிந்தாவின் காதில் கிசுகிசுத்தான். "மூணு நாள், நாளுக்கு ரெண்டு. ஆறு சுருள் இருக்கணும். நேத்து ஒண்ணு நம்மகிட்ட வந்துச்சி. இங்க நாலு. ஒண்ணு குறையுது. எடுத்தது இந்த ஆளுதான், கடை கைய வுட்டுப் போவக்கூடாதுன்னு நாடகம் ஆடறாரு."

அவன் கிசுகிசுப்பு எப்போதும் ஊருக்கே கேட்கும். தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார். "நான்தான் எடுத்துகினு போனேன். எங்கூட்டுச் செவுத்துல மாட்டியிருக்கேன். அவ்ளோ பெருசா எந்தம்பி மொகம் எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

சித்தார்த்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

மணி பதினொன்றரைக்குள் ஏழு பேனர்கள் ஒழுங்காக வந்து விழுந்தன. ஜெசிந்தா திரையில் அன்றைய ஃபோல்டரைப் பார்த்தாள். பெயர்கள் ஒரே அளவில் வரிசையாக நின்றன: 000, 001, 002 என்று 007 வரை. 000 எது என்று அவள் கேட்கவில்லை.

"உங்க கல்யாண பேனர் அடிச்சாச்சா?"

கலையரசி இல்லையென்று தலையாட்டினாள். டிசைன் தயாராக இருந்தது. அனுப்பத்தான் தைரியம் வரவில்லை.

"எட்டாவதா அத அனுப்புங்க."

"வேணாம்க்கா, பாவம்," என்றான் சித்தார்த்தன். ஜெசிந்தா காதில் வாங்கவில்லை.

கலையரசி உதட்டைக் கடித்துக்கொண்டு 008 என்று அடித்தாள். கருப்பு ஜன்னலில் ஒரு வரி மின்னி மறைந்தது. இயந்திரம் இடமும் வலமும் ஓட ஆரம்பித்தது. வெள்ளை ஃப்ளெக்ஸில் முதலில் ஆணின் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு புருவம். இரண்டு கண்களும் முழுசாக வெளியே வந்து அவளைப் பார்த்தபோது கலையரசி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது.

"போதும்மா, நிறுத்திடு," என்றார் தாண்டவராயன்.

"நானும் அதத்தான் சொல்றேன், மிஷின நிறுத்துங்க," என்றாள் ஜெசிந்தா அமைதியாக. "பொன்னி, போன வாரம் நீ அனுப்பும்போது இன்னா அடிச்ச?"

"எட்டு," என்றாள் பொன்னி பயந்துபோய்.

"எப்படி?"

"எட்டுன்னா எட்டுதான? முன்னாடி எதுக்குக்கா ரெண்டு சைபரு? ஜல்தியா ஆவட்டும்னு ஒத்த எட்டு அடிச்சேன்."

ஜெசிந்தா முதல் தடவையாகச் சிரித்தாள். "அதனாலதான் உனக்கு அவரு வரல. கேளுங்க. பேரு வெக்கற வரியில தப்பில்ல. ஏழோட ஒண்ணக் கூட்டி, எட்டாக்கி, அப்பறம்தான் முன்னாடி சைபர் சேக்குது. அனுப்பற வரியிலதான் கோளாறு. அது ஏற்கெனவே சைபர் வெச்ச நம்பர வாங்கி, மறுபடியும் எண்ணிப் பாத்து, மறுபடியும் சைபர் சேக்கப் போவுது. முன்னாடி சைபர் இருந்தா, இந்தக் கருப்பு ஜன்னல்ல ஓடற ஷெல் வேற கணக்குல எண்ணும். அந்தக் கணக்குல ஏழு வரைக்கும்தான் இலக்கம். ஏழுக்கு அடுத்தது பத்து. எட்டும் ஒம்பதும் அதுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியலன்னா?" என்றான் சித்தார்த்தன்.

"தெரியலன்னு ஒரு வரி சொல்லிட்டு, அதுவரைக்கும் படிச்சத வெச்சிக்கும். 008ல எட்டுக்கு முன்னாடி இன்னா இருக்குது? வெறும் சைபர். சைபர்னா 000. 000 யாரு?"

எல்லார் கண்களும் ஃப்ளெக்ஸில் பாதியில் நின்ற முகத்துக்குப் போயின.

"010 அடிச்சா அந்தக் கணக்குப்படி அது நம்ம எட்டு. அதான் காதுகுத்துக்கு எட்டாவது ஜோடி வந்துச்சி."

"அப்ப முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் ஏன் வரணும்?" தாண்டவராயன் விடவில்லை.

"மத்த நாள்ல எத்தன ஆர்டர் வரும்?"

"நாலு, அஞ்சு," என்றாள் கலையரசி தரையிலிருந்தே.

"உங்க வூட்டுக்காரரு காலத்துல முகூர்த்தத்துக்கு முந்தின நாள்ல?"

"ஆறு வந்தாலே பெருசு மேடம். ஏழத் தாண்டுனதே இல்ல. இந்த வைகாசியிலருந்துதான்..." அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எட்டாவது ஆர்டர் வந்தாத்தான் அவரு வருவாரு. அதக் கொண்டாந்தது நீங்க," என்றாள் ஜெசிந்தா. அந்த ஸ்கிரிப்ட்டைத் திரையில் திறந்தாள். அனுப்பும் வரிக்கு மேலே, இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பு ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தான் தென்னரசு. ஜெசிந்தா அதை உரக்கப் படித்தாள்.

"ஒரே நாள்ல எட்டு ஆர்டர் வந்தா இந்த வரி தப்பாவும். அந்த நாள் வரட்டும். வந்தா கலைக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டு மாத்திக்கலாம்."

கலையரசி எழுந்து வந்து அதைத் தானே ஒரு முறை படித்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். வைகாசியிலிருந்து அவனுக்குப் பயந்து அழுத அழுகை இல்லை அது. பொன்னி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா எங்கே எதைச் சேர்க்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். நம்பரைச் சுற்றிச் சில எழுத்துகள்தான். 'இதைப் பத்துக் கணக்கில் எண்ணு' என்று அர்த்தம். கலையரசியே அதை அடித்துச் சேமித்தாள். குறிப்பை அழிக்கவில்லை. பிறகு மறுபடி 008 என்று அடித்தாள்.

இயந்திரம் ஓடியது. சித்தார்த்தன் கண்ணை மூடிக்கொண்டான். ஃப்ளெக்ஸில் தலைமுடி வந்தது, முடியில் மல்லிகைச் சரம் வந்தது, நெற்றி வந்தது. அது கலையரசியின் நெற்றிதான்.

தாண்டவராயன் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மழையில் குடை இல்லாமலே வெளியே இறங்கினார்.

"எங்க மாமா போறீங்க?" என்றாள் கலையரசி பதறி.

"ஸ்வீட்டு வாங்கியாரேன்," என்றார் அவர் திரும்பிப் பார்க்காமல். "எந்தம்பி சொல்லிட்டான் இல்ல?"