இருபது வருச நிழல்

நாலு மணிக்குச் சுட வேண்டிய தரை குளிர்ந்து கிடந்தது.

தர்சிகா ஹோலின் நடுவுக்கு வந்த பிறகுதான் அதைக் கவனித்தாள். தேநீர்க் கோப்பையோடு நின்று, கால் பெருவிரலால் தரையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். உடுப்பிட்டியில் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறது. மேற்கு யன்னலால் விழும் பின்னேர வெயில் இந்த இடத்தை என்ன பாடு படுத்தும் என்று அவளுடைய உள்ளங்காலுக்கு நன்றாகத் தெரியும். குனிந்து பார்த்தபோது தரையில் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அடர்ந்த, கரிய, ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்த மாவிலை நிழல், யன்னல் ஓரத்திலிருந்து சாமியறைக் கதவு வரைக்கும். வெளியே எட்டிப் பார்த்தாள். வெறும் முற்றம், மதில், வெயில். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு மாங்கன்று.

அந்தக் கன்றை அங்கே வைக்கச் சொன்னவள் அவள்தான். பிறருக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது அவள் தொழில். சொந்த வீட்டுக்கு மட்டும் பத்தொன்பது படம் கீறிக் கிழித்தாள். எந்த அறை எந்தத் திசையில் வரவேண்டும் என்று நிலையம் எடுக்க வந்த சாத்திரியார், பெரிய ஹோல் மேற்கே பார்க்கத்தான் வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றுவிட்டார். சரி, வெயிலை மரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று யன்னலிலிருந்து பதினெட்டு அடி தள்ளிப் படத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அதைச் சுற்றி மூன்று வட்டம்: ஐந்து வருச மரத்தின் நிழல், பத்து வருச மரத்தின் நிழல், இருபது வருச மரத்தின் நிழல். அதைப் பார்த்துப் புருசன் ஜெயதீபன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீர் வீடு கட்டுறீரோ, பேரப்பிள்ளையளுக்குக் குடை பிடிக்கிறீரோ?"

"ரெண்டுந்தான்" என்றாள் அவள். இருபது வருசத்தில் மகள் ஆரபிக்கு இருபத்தாறு வயதாகும். அந்த வயதில் பிள்ளை வந்து காலாறும் இடம் குளிர்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்த ஜெயதீபன், சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தரையில் காலை நீட்டினான். இரண்டு வருசத்துக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவனுக்கு இடது கால் இழுப்பு.

"என்னப்பா, இண்டைக்கு நல்ல குளிர்மையாக் கிடக்கு."

"நிழல் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"என்ன நிழல்?"

அவன் முகத்தில் இலை நிழல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆரபி பாயைக் கொண்டுவந்து நிழல் மிக அடர்ந்த இடமாகப் பார்த்து விரித்துப் படுத்தாள்.

மூன்றாம் நாள் தர்சிகா அளவு நாடாவையும் வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டு தரையில் முழந்தாளிட்டாள். பயந்தாலும் தொழில் விடுமா? நிழலின் விளிம்பைப் புள்ளி புள்ளியாய்க் குறித்து, படத்தை விரித்து ஒப்பிட்டாள். இருபது வருச வட்டம், ஓர் அங்குலம் பிசகாமல். வெட்கமாய் இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தக் கணம் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. தான் கீறியது பிழைக்கவில்லை. தலைக்கு மேலே, கூரையிலும் இல்லாமல் முற்றத்திலும் இல்லாமல், இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மெதுவாய்க் கேட்டது. ஆடி மாதத்து வெயிலில் மாம்பூ மணந்தது.

அதற்கடுத்த நாள் மரத்தோடு வேறு நிழல்களும் வந்தன. முதலில் பந்தல் கால்கள். பிறகு ஒரு கயிறு, கயிறு நெடுகக் குருத்தோலைத் தோரணம். பச்சை மஞ்சளின் மணம். ஆட்களின் நிழல் போவதும் வருவதுமாய், சத்தமில்லாமல், கூட்டம் கூட்டமாய். பெண்களின் சேலைத் தலைப்பு அசைவது கூடத் தெரிந்தது. தர்சிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கலியாணம்! இந்த முற்றத்தில், இந்த மரத்துக்குக் கீழே, இருபத்தாறு வயதில் ஆரபிக்குக் கலியாணம். யாருக்குக் கிடைக்கும் இப்படி முன்கூட்டிப் பார்க்கிற பாக்கியம்? சுவரோடு சாய்ந்திருந்து, ஆளாளாய் அடையாளம் பிடிக்கத் தொடங்கினாள். இடது காலை இழுத்து இழுத்து, பொல்லூன்றிப் போன கிழவன் ஜெயதீபன். அவளைப் போலவே இடுப்பில் இடது கையை ஊன்றி நின்ற பெண், அவளேதான், கொஞ்சம் கூனிவிட்டாள்.

அப்போது இடிக்கிற சத்தம் கேட்டது. உரலில் உலக்கை விழும் சத்தம், மெதுவாய், சீராய்.

கலியாண வீட்டில் யார் உலக்கை போடுகிறார்கள்? செத்தவீட்டில்தான் மஞ்சள் சேர்த்துச் சுண்ணம் இடிப்பார்கள்.

அவள் தோரணத்தை எண்ணினாள். நல்ல காரியத்துத் தோரணத்தில் ஓலைக் குருவிக்கு நாலு தலை, மேலே பார்த்தபடி. இது மூன்று. மூன்றும் கீழே பார்த்தன. பின்னிய ஓலைகள் ஒன்றோடொன்று கலந்து விழுந்ததில் அவள் நாலென்று நினைத்துவிட்டாள். நாலாய் இருக்கட்டும் என்று மனம் கேட்டதும் ஒரு காரணம். பந்தலின் நடுவே நீளமாய் ஒரு பெட்டியின் நிழல். கூனிய பெண் அதன்மேல் விழுந்தாள். பொல்லூன்றிய கிழவன் அவளைத் தூக்கப் பார்த்து முடியாமல் நின்றான். இருவரையும் விட்டால் வீட்டில் இன்னும் ஒருத்திதான். அவளுடைய நிழலைத் தர்சிகா கூட்டம் முழுக்கத் தேடினாள். எங்குமே இல்லை.

"மரம் இல்லையெண்டால் அந்த நாளும் இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கத்தியோடு முற்றத்துக்கு ஓடிக் கன்றைப் பாதியாய் வெட்டினாள்.

மறுநாள் நாலு மணிக்கு நிழல் சிறுத்திருந்தது. முதலில் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகு அளந்தாள். பத்து வருச வட்டம். உலக்கைச் சத்தம் நிற்கவில்லை. தோரணம் அப்படியே. கிழவனின் கையில் பொல் இல்லை. அவள் முதுகில் கூன் இல்லை.

இருபத்தாறு பதினாறாகிவிட்டது.

இதை அவள் அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். பயம் பிடித்த மனதுக்கு ஒரே வழிதான் தெரியும். போய்க் கன்றை வேரோடு பிடுங்கி மதில் ஓரத்தில் எறிந்தாள். அடுத்த நாள் ஐந்து வருச வட்டம். உலக்கைச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் அவள் நெஞ்சு கொஞ்சம் ஆறியது, ஒரு நிமிசம். பிறகு நினைவு வந்தது. அவர்கள் ஊரில் சிறுபிள்ளைகளுக்குச் சுண்ணம் இடிப்பதில்லை.

மரம்தான் அந்த நாளைத் தூரத்தில் வைத்திருந்தது. வெட்டி வெட்டிக் கிட்டக் கொண்டுவந்தது அவள் கை.

அன்றைக்கே சோமசேகரத்தைக் கூப்பிட்டாள். கன்றை முதலில் நட்டவர் அவர்தான். வாடிப்போன குச்சியைத் தூக்கிப் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, உது இனிப் பிழைக்கிறது கஸ்டம். வேறை மாங்கண்டு கொண்டுவாறன்."

"வேண்டாம் அண்ணை. இதுதான் வேணும். எப்பிடியாவது வளரவேணும்."

"இலையும் அஞ்சுதானே மிஞ்சிக் கிடக்கு" என்று முணுமுணுத்தபடி நட்டுவிட்டுப் போனார். அவள் இரவு முழுக்க நித்திரையின்றிக் கிடந்து, விடிந்ததும் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினாள். கும்பிட்டாள். ஜெயதீபன் படலையடியில் நின்று பார்த்தான்.

"தர்சி, வெட்டினதும் நீர்தான், நடுறதும் நீர்தான். நாளைக்கு ஒரு டொக்டரைப் பாப்பம், என்ன?"

"இண்டைக்கு வேலைக்குப் போகாதேங்கோப்பா" என்றாள் அவள்.

"கெதியா வந்திடுவன்."

அவன் போனான். அவள் திரும்பியபோது, படலையால் நுழைந்த பக்கத்து வீட்டு ஆடு ஓர் இலையைப் பாதி கடித்துவிட்டிருந்தது. அவள் கத்தித் துரத்தினாள். மீதி நாலு முழு இலை, ஒரு பாதி இலை.

ஆரபியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கூட்டிக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம் என்று உடுப்புப் பையை எடுத்தாள், வைத்தாள். வீதியில் வைத்து நடந்தால்? கிணற்றடிக்கு விடவில்லை, கட்டிலில் தனியே விடவும் பயம். எதைச் செய்தாலும் அது ஒரு படி கிட்ட வந்திருக்கிறது. ஆகவே ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று முடிவெடுத்தாள். கதவைப் பூட்டினாள். ஹோலின் நடுவில், யன்னலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணமிட்டு இருந்து, மகளை மடியில் இருத்தி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

நாலு மணி.

வெயில் உள்ளே வந்தது. தரை முழுக்க வெளிச்சம். மரமில்லை. அப்பாடா, மரமில்லை. பிறகு திரும்பிப் பார்த்தாள். யன்னலோரத்தில் ஒரு சின்ன நிழல். பாதி வெட்டுண்ட கன்றின் நிழல் பதினெட்டு அடி தாண்டி வீட்டுக்குள் வர வழியே கிடையாது. வந்திருந்தது. எண்ணினாள்.

நாலு முழு இலை. ஒரு பாதி இலை.

இன்றைய கன்றேதான். அதற்கு மேலே தோரணம். மூன்று தலை. கீழே பார்த்தபடி.

"அம்மா, இறுக்காதேங்கோ. நோகுது."

"பேசாம இரு ராசாத்தி. அம்மா விடமாட்டன்."

முன்னால் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் சூடாய்ப் பட்டது. தலையில் நல்லெண்ணெய் மணம். நெஞ்சு துடிப்பது கைக்குத் தெரிந்தது. இருக்கிறாள். கைக்குள்தான் இருக்கிறாள். தர்சிகா கண்ணைத் திறந்தாள். எதிரே சுவரில் அவளுடைய நிழல் விழுந்திருந்தது: குனிந்த தலை, அவிழ்ந்த கூந்தல், கட்டிப்பிடித்த இரண்டு கை. இரண்டு கைக்கும் நடுவே வெறும் வெயில்.