யாரைக் கேட்டு அழிச்சீங்க?

"இது யாரு?"

கலையரசி அந்தப் போட்டோவை மேசைமேல் அடித்து வைத்தாள். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நீள முகம்... நெற்றியில் சரிந்த முடி... தூக்கத்தில் எழுப்பிவிட்ட கன்றுக்குட்டிக்கு இருக்குமே, அப்படி இரண்டு கண்கள். அந்தக் கண்களைக் கவனித்துவிட்டோமே என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவன் போட்டோவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். துப்பட்டாவால் முகம் முழுக்கச் சுற்றியிருந்ததால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கோபமான இரண்டு விழிகள்தான்.

"தெரியலையே மேடம்... யாரு?"

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். கன்னங்கள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்திருந்தன. உதட்டோரம் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. தாடையில் வரிசையாகப் பருக்கள்.

"இப்பத் தெரியுதா? நான்தான் அது. ஆனா நான் இல்ல. எம் பருவெல்லாம் எங்க? மூக்குப் பக்கத்துல ஒரு மச்சம் உண்டும்லா, அது எங்க? யாரக் கேட்டு அழிச்சீங்க?"

"ஒங்க அம்மாதான் மேடம்... போன்ல இருந்த படத்தக் கொண்டாந்து, மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்கணும், முகத்தச் சுத்தமாக்கித் தாங்கன்னாங்க. கல்யாணப் போட்டோன்னா எல்லாருக்கும் செய்யுறதுதான..."

"எல்லாருக்கும் செஞ்சா சரியாயிருமா?"

அவன், நிலைமையை லேசாக்க நினைத்தானோ என்னவோ, சிரிக்க முயன்றபடி சொன்னான். "போட்டோவுல நான் கை வச்சேன், ஒத்துக்கிடுதேன். நேர்ல உரிச்சது நான் இல்லையே..."

அவ்வளவுதான்.

"சிரிப்பு வேற வருதோ? ஒங்க கடையில இனி ஒரு மனுசி காலெடுத்து வைக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் இறங்கி விறுவிறுவென நடந்தாள். கண்ணில் திரண்ட நீர் உரிந்த கன்னத்தில் இறங்கியதும் சுரீரென்று எரிந்தது. அழக்கூட விடமாட்டேன் என்கிறதே இந்த மருந்து!

நேற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது அப்படிப்பட்ட கூத்து.

கலையரசிக்கு இருபத்தாறு வயது. ஆழ்வார்குறிச்சி வீடு, அம்பாசமுத்திரம் தாலுகா அலுவலகத்தில் நில அளவர் வேலை. காலையில் போனால் வயலும் வரப்பும் வெயிலுமாகப் பொழுது போகும். பரு அவளுக்குப் பெரிய கவலையாக இருந்ததே இல்லை. அம்மா சுடலைவடிவுக்குத்தான் கவலை. டவுனிலிருந்து ஒரு வரன் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் வருகிறார்கள் என்றதும், மூன்று வாரத்துக்கு முன்னால் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தோல் டாக்டரிடம் உட்கார வைத்தாள்.

"இந்தக் களிம்பு ராத்திரி மட்டும், பட்டாணி அளவு. வெயில் படக் கூடாது. மொதல்ல காயும், உரியும், பரு கூடக்கூடச் செய்யும். பயப்படாம பன்னிரண்டு வாரம் போடணும்" என்றார் டாக்டரம்மா.

பன்னிரண்டு வாரம் என்றதை அம்மா காதில் வாங்கவில்லை. வெயில் படக் கூடாது என்றதை அரசாங்கம் காதில் வாங்கவில்லை. முதல் வாரம் முகம் காய்ந்து இறுகியது. இரண்டாம் வாரம் சோப்புப் பட்டாலே காந்தியது. ஊறுகாய் உதட்டில் பட்டால் உயிர் போனது. தலையணை உறை, நீலத் துண்டு எல்லாம் மருந்து பட்டுத் திட்டுத்திட்டாக வெளுத்துப்போயின. மூன்றாம் வாரம், இருந்த பரு போதாதென்று புதிதாக ஒரு கூட்டமே வந்து குடியேறியது.

சரியாக அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அவளை ஜன்னலோரம் அழைத்துப்போய், தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பதுபோல. "இது மத்தவங்களுக்கு ஒட்டுமா?" என்றாள். "போட்டோவுல வேற பொண்ணுல்லா இருந்தா... இப்பிடி ஏமாத்தலாமா?" என்றாள்.

அப்போதுதான் கலையரசிக்குப் படத்தின் கதையே தெரிந்தது. செய்யாத தப்புக்கு அவள் ஏமாற்றுக்காரி!

*

பத்து நாள் கழித்து ஒரு மனு வந்தது. கல்லிடைக்குறிச்சி வயல். வரப்பு நகர்ந்திருக்கிறது, அளந்து தர வேண்டும் என்று ஆவுடைநாயகம் என்பவர் கொடுத்தது. எதிர்த்தரப்பு, பக்கத்து வயலுக்காரர் செல்வமணி.

கார் நெல் அறுப்பு முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்தது. பதினொரு மணி வெயில். கலையரசி பூசியிருந்த வெயில் கிரீம் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. தலையாரி நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையோடு குனிந்தபோது, சட்டென்று அவள்மேல் நிழல் விழுந்தது.

நிமிர்ந்தாள். வெளிப்புறம் கறுப்பு, உள்ளே வெள்ளி மினுங்கும் ஒரு பெரிய குடை. ஸ்டூடியோ விளக்குக்கு வைப்பார்களே, அது. அதைப் பிடித்துக்கொண்டு... அந்தக் கன்றுக்குட்டிக் கண்!

"நீங்களா செல்வமணி?"

"ஆமா மேடம்."

"குடை பிடிச்சா அளவு ஒங்க பக்கம் சாஞ்சிரும்னு நெனப்பா?"

"இல்ல மேடம். வெயில்தான் ஒங்க பக்கம் சாயுது... அதான்."

தலையாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கலையரசி சிரிக்கவில்லை. "தள்ளி நில்லுங்க" என்றாள். அவன் தள்ளித்தான் நின்றான். கை மட்டும் நீண்டு, அவள் போன இடமெல்லாம் குடை கூடவே வந்தது.

அளந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு முறை சரிபார்த்தாள். சந்தேகமே இல்லை. வரப்பு ஒரு மீட்டருக்கு மேல் ஆவுடைநாயகம் வயலுக்குள் போயிருந்தது.

"தப்பு ஒங்க பக்கந்தான்" என்றாள் செல்வமணியிடம். இனி கத்துவான், தாத்தா காலத்து வரப்பு என்பான், வக்கீலைப் பார்க்கிறேன் என்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்...

அவன் குனிந்து வரப்பைப் பார்த்தான். "எங்கப்பா வெட்டி வெட்டித் தள்ளியிருப்பாரு" என்றான். "எல்லைக் கல்ல எங்கன நடணுமோ அங்கன நடுங்க. அண்ணாச்சி, நாத்துப் பாவுறதுக்கு முன்னால வரப்ப நானே மாத்திப் போட்டுத் தாரேன்."

மல்லுக்கு நிற்கத் தயாராக வந்திருந்த ஆவுடைநாயகம், "சரிடே..." என்று தலையைச் சொறிந்துகொண்டு நடந்தார்.

கலையரசி காகிதங்களை அடுக்கினாள். வாய்க்காலோர மருதமர நிழலில் அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அன்னைக்கே மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். நீங்க திட்டி முடிச்சதும் போயிட்டீங்க."

"இன்னும் முடிக்கல."

"சரி மேடம்... அந்த மச்சத்த அழிச்சது சுத்த முட்டாத்தனம். அதையும் பருன்னு நெனச்சிட்டேன்."

சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்து ஆராயவில்லை. சும்மா, ஒரு மனுஷர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ரொம்ப எரியுதா?"

ஐந்து வாரமாக எத்தனை பேர் இந்த முகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! எப்பச் சரியாகும் என்றார்கள். மஞ்சளை அப்பு என்றார்கள். எண்ணெய்ப் பலகாரத்தை விடு என்றார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். எரிகிறதா என்று மட்டும் ஒருத்தர்... பெற்ற தாய்கூட... கேட்கவில்லை.

"எரியுது" என்றாள். குரல் உடைந்தது. உடனே கோபம் வந்தது. "எரிஞ்சா ஒங்களுக்கு என்ன?"

காகிதங்களை அள்ளிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கடைசிவரை கழுத்தைப் பிடித்து வைத்திருந்தாள்... அது தனக்குத்தானே தெரிந்ததும் ஜீப்புக்குள் முகம் சிவந்தது. மருந்தினால் அல்ல.

*

இரண்டு வாரம் போனது. கடைத்தெரு வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்டூடியோ கண்ணாடியைக் கடைக்கண்ணால் பார்ப்பாள். ஒரு மனுசி காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொன்னவள் தானேதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது?

ஒருநாள் சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருந்த மாப்பிள்ளையின் அம்மா. அம்மா குழைந்து குழைந்து பேசினாள். "ஆமா மைனி... சரி மைனி... வாராவாரம் அனுப்பிருதோம் மைனி..."

"என்னத்த அனுப்பணும்?" என்றாள் கலையரசி.

"ஒண்ணுமில்லட்டி. ஞாயித்துக்கெழமதோறும் ஒம் முகத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். தைக்குள்ள சரியாயிட்டுன்னா முடிச்சிருவோம்ங்காக..."

கலையரசி போனை வாங்கினாள்.

"வாரம் ஒரு தடவ எட்டிப் பாக்க நான் என்ன நாத்தங்காலா? தழைஞ்சிருக்கா, கருகியிருக்கான்னு? ஒங்க மகன் இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எம் பேராவது அவருக்குத் தெரியுமா? கேட்டுச் சொல்லுங்க. இல்ல, வேண்டாம். இந்த எடம் எங்களுக்கு வேண்டாம்."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுகையைவிடக் கொடுமையாக, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் வெளியே போய்விட்டுக் கடுகடுவென்று வந்தாள்.

"ஊருல ஒரு பயலுக்கும் மட்டு மரியாத இல்ல! அந்த ஸ்டூடியோக்காரனுக்கு எம்புட்டு ராங்கி..."

கலையரசியின் கையிலிருந்த டம்ளர் நின்றது. "அங்க எதுக்குப் போன?"

"வேற எதுக்கு? மாப்பிள்ள வீட்டாரு கால்ல விழுந்தாவது சமாதானம் பண்ணலாம்னுதான். ஒரு போட்டோ, ஒரே ஒரு போட்டோ சுத்தமாக்கிக் குடுன்னேன். கல்யாணம் முடிவான பிள்ள, ஒரு வாழ்க்கைய வாழ வைய்யின்னேன். ஒங்க மக சொல்லாம நான் தொட மாட்டேன்னுட்டான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவுக முகத்துல அழிக்கதுக்கு ஒண்ணுமே இல்லங்கான்! கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு?"

வெளியே ஐப்பசி மழை பொழிந்துகொண்டிருந்தது. கலையரசி ரெயின்கோட்டை எடுத்தாள்.

"ஏட்டி, இந்த மழையில எங்க?"

"அளக்க வேண்டியது ஒண்ணு பாக்கி கெடக்கு."

*

ஸ்டூடியோவில் அவன் மட்டும்தான் இருந்தான். நனைந்த ரெயின்கோட்டோடு அவள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எழுந்தவன், உட்காரச் சொல்லவும் மறந்து அப்படியே நின்றான்.

"எங்கம்மாகிட்ட முடியாதுன்னு சொன்னீங்களாமே..."

"ஆமா மேடம். கோவமாப் போனாங்க."

"நான் கல்யாணம் முடிவான பிள்ளன்னு சொன்னால்லா? நல்ல காரியத்தக் கெடுக்கோமேன்னு தோணலையா?"

"தோணுச்சு." அவன் குரல் இறங்கியது. "கெட்டா நல்லதுன்னும் தோணுச்சு."

மழை தகரக் கூரையில் கொட்டியது.

"ஏனாம்?"

"அன்னைக்கு நீங்க திட்டிட்டுப் போன பெறவு, அழிக்காத அந்தப் பழைய படத்தத் தொறந்து பாத்தேன்..."

"எதுக்கு?"

"சும்மா."

"எத்தன தடவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெனமும்."

"யாரக் கேட்டுப் பாத்தீங்க?"

பழைய கோபம்தான். ஆனால் அதற்குள் ஏதோ இளகிப்போயிருந்தது. அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்தான்.

"கேக்கல. தப்புதான். இப்பக் கேக்கேன்..." மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தான். "எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. நீங்க கோவப்படுதது, வரப்புல நடக்கது, ரெண்டு தடவ அளந்து சரிபாக்கது... எல்லாம் பிடிச்சிருக்கு. காலம் பூரா பாத்துக்கிட்டு இருக்கலாமா?"

கலையரசி மழையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு வாரம் மருந்து பாக்கி இருக்கு. போட்டாலும் மொத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லல. வடு நிக்கலாம்னாங்க."

"நான் அதக் கேக்கவே இல்லையே."

"நான் சொல்லணும்லா... பெறவு ஏமாத்திட்டான்னு யாரும் சொல்லக் கூடாது."

அவன் மெல்லச் சிரித்தான். இந்த முறை அந்தச் சிரிப்பு அவளுக்குக் கோபத்தை வரவழைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, ஒங்க வீட்டு ஆளுகளோட" என்றாள். "எங்கம்மா கண்டபடி திட்டுவா. பொறுத்துக்கிடணும்."

"பொறுத்துக்கிடுதேன். நீங்க?"

"நானா?" ரெயின்கோட்டின் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கும் ஒங்களப் பிடிச்சிருக்கு... அதுக்காகத் திட்ட மாட்டேன்னு மட்டும் நெனச்சிராதீங்க."