பொறாமைக்கு எந்த நிறச் சீட்டு?

“ஹலோ மிஸ்டர்... அது என் குடை!”

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ். சட்டமன்றத்துக்கு எதிரே, காபிக் கடை வாசல். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குடையின் நுனி ஓடெட்டின் கையில், பிடி அந்த நெட்டையனின் கையில்.

“கறுப்புக் குடை எல்லாம் ஒண்ணுபோலதானே மேடம் இருக்கு? இதுல உங்க பேரா எழுதியிருக்கு?”

“எழுதியிருக்கு. திருடுறவங்க படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் எழுதினேன்.”

விரித்துப் பார்த்தான். உள்பக்கம் வெள்ளை எழுத்தில்... ‘ஓடெட் லாண்ட்ரி, துணைத் தலைமையாசிரியை.’ முகத்தில் அசடு வழிந்தது. அப்புறம் சிரித்தான் பாருங்கள்... கண்ணும் சேர்ந்து சிரித்தது. திட்ட வந்தவளுக்குத் திட்டே மறந்துபோயிற்று.

“அப்ப என் குடையை எவனோ சுட்டுட்டான். மேல போற வரைக்கும் பாதிக் குடை கிடைக்குமா, டீச்சர்?”

கிடைத்தது. சட்டமன்றப் படிக்கட்டில் படிக்கொரு மாநிலத்தின் பெயர் செதுக்கியிருக்கும். லூசியானா படியில் அவள் கால் வழுக்க, அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். பிடித்த கையை உடனே எடுக்கவும் இல்லை.

“விழுந்தாலும் சொந்த ஊர்லதான் விழுறீங்க. அலபாமா படி வரட்டும், அழுத்தி மிதிங்க. கால்பந்துல நம்ம மானத்தை வாங்கின ஊரு!”

அவள் அழுத்தியே மிதித்தாள். எதற்கு வந்தாள் என்று கேட்டான்.

“சார்ட்டர் பள்ளி மசோதாவுக்கு ஆதரவா சாட்சி சொல்ல.”

“அடடே! அதை எழுதினதே நான்தான். லூசியன்... மசோதாவைக் கொண்டுவந்த செனட்டரோட உதவியாளன்.”

அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள் அவை. ஓடெட்டின் பள்ளியில் படிப்பவர்கள் முக்கால்வாசியும் கறுப்பினப் பிள்ளைகள். தலைமை நாற்காலி காலியானால் நிர்வாகம் வெளியூரிலிருந்துதான் ஆள் கொண்டுவரும். இந்த மசோதா வந்தால், அந்தந்த வட்டாரத்துக் கறுப்பின, லத்தீன் ஆசிரியர்களுக்கு ஒரு வருடத் தலைமைப் பயிற்சி... முதல் நேர்காணலும் அவர்களுக்கே. இன்று சட்டமன்றக் குழுவில் தோற்றால் அத்தனையும் குப்பைக்கூடைக்கு.

குழு அறை வாசல் மேசையில் சீட்டுகள் அடுக்கியிருந்தன. பேசுகிறவர் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, தகவல் மட்டும் என்றால் வெள்ளை.

ஓடெட் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்தா அவள் வரவேண்டும்?

மஞ்சள் உடுப்பு, முத்துத் தோடு. மசோதாவை எதிர்க்கும் நிர்வாகத்தின் வக்கீல் கமீல் என்று பக்கத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். “லூசியனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பொண்ணு...”

கமீல் நேராக லூசியனிடம் போனாள். நனைந்த அவன் டையை, என்னமோ சொந்த வீட்டுத் திரைச்சீலைபோல, இழுத்து நேராக்கினாள். அவன் சிரித்தான். அதே சிரிப்பு... குடைக்குள் இவளுக்குத் தந்த அதே சிரிப்பு!

‘சீ... பாதிக் குடை கொடுத்ததுக்கு என் மூஞ்சியில கரியைப் பூசிட்டானே. அவளோட சேர்ந்து மசோதாவையும் வித்துடுவான்போல.’

கைக்கு வந்த சீட்டில் பெயரைக் கிறுக்கி நீட்டினாள். அவள் கண் சீட்டில் எங்கே இருந்தது... டையில் அல்லவா இருந்தது!

“மசோதாவை எதிர்த்துப் பேச... ஓடெட் லாண்ட்ரி!” என்றார் குழுத் தலைவர்.

லூசியனின் முகம் வெளிறியது. அவள் எழுந்தாள்.

“தப்பான சீட்டை எடுத்துட்டேன், ஐயா. கண்ணு... வேற எங்கேயோ இருந்துச்சு.”

சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை.

“ஆனா சிவப்பும் எனக்குப் பொருத்தம்தான். நான் பொறாமைக்காரி, ஐயா. வெளியூர்லேருந்து ஒருத்தர் வருவார், தலைமை நாற்காலியில உக்காருவார். எந்தப் பிள்ளைக்கு வீட்ல அம்மா இல்ல, எந்தப் பிள்ளை பசியோட வருதுன்னு நான்தான் சொல்லித் தரணும். பழகினதும் போயிடுவார். அடுத்தவர் வருவார்... திரும்பவும் நான்தான் பாடம் எடுக்கணும். என்னை ஒரு தடவைகூட யாரும் நேர்காணலுக்குக் கூப்பிட்டதில்ல. போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு கேட்டா, ‘மிஸ், நம்மள மாதிரி இருக்கிறவங்க துணை மட்டும்தானா?’ன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

கொஞ்ச நேரத்தில் கைகள் உயர்ந்தன... ஒரே ஒரு வாக்கில் மசோதா பிழைத்தது.

வாழ்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடெட் வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது. ஜெயித்த சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மஞ்சள் உடுப்புதான் நின்றது.

“டீச்சர்! குடை!”

அவள் விட்டுவந்த குடையோடு லூசியன் மூச்சிரைக்க ஓடி வந்து, லூசியானா படியில் அவளை மறித்தான்.

“உங்க கமீல் மேடத்துக்குக் குடுங்க. அவங்களுக்கு நனைஞ்சா ஆகாது.”

“ஓ... கண்ணு அங்கதான் இருந்துச்சா?”

“எங்கேயும் இல்ல!”

“முதல் நேர்காணல் பிரிவை மட்டும் எடுத்துடு, மத்ததை விட்டுடுறோம்னு அவ பேரம் பேசினா. நடக்குற கதையான்னுதான் சிரிச்சேன். நிச்சயம் முறிஞ்சதே இந்த மசோதாவாலதான், டீச்சர்.”

அவள் கீழே இறங்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து விசிறிபோல் நீட்டினான்.

“என்னைப் பத்தி ஒரு தீர்மானம் இருக்கு. எந்தச் சீட்டுன்னாலும் சரி... இந்தத் தடவை பாத்து எடுங்க.”

பச்சையின் மேல் விரல் போயிற்று. ரோஷம் இழுத்தது. வெள்ளையை உருவி, மடக்கிய குடைமேல் வைத்து எழுதினாள்.

அவன் வாய்விட்டுப் படித்தான். “‘அவ உன் டையைத் தொட்டப்ப, அந்தக் கையை ஒடிக்கணும்போல இருந்துச்சு.’ ...ஓடெட்?”

“ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்ல. தகவல் மட்டும்.”

காதுவரை சிவந்திருந்தாள். அவன் மெல்ல டையைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

“இனிமே நீயே கட்டு.”

கட்டினாள்... இழுத்து, இறுக்கி.

“அம்மாடி, கழுத்து!”

“பொறுத்துக்கோ. பிடிச்சவங்க கட்டினா அப்படித்தான் இறுக்கும்.”