தவிட்டுக்கு விற்ற பிள்ளை

தமிழரசு நிலைவாசலைத் தாண்டும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நுழைந்தான்.

ஆறு வயதுப் பிள்ளை. பீரோவே தாராளமாக நுழைந்த வாசல் அது. இருந்தும் முதலில் இடது காதைத் தோளோடு சாய்த்து ஒரு அடி வைத்தான், பிறகு முகத்தைத் திருப்பி வலது பக்கத்தையும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான். அகலமான எதையோ இடிக்காமல் கொண்டுவந்து சேர்க்கிற நிதானம் அதில் இருந்தது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சரிதாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"ஏஞ்சாமி அப்படி வர்ற?"

"கொம்பு இடிக்குமுங்க."

பெற்ற தாயிடம் நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவன் ஆடி மாதத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி மரியாதை வைத்திருந்தான். அம்மா என்று கூப்பிடுவதையும் விட்டாயிற்று. அந்தச் சொல்லை மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டுத்தரையில் நிற்கிற எருமைக்குக் கொடுத்துவிட்டான்.

ராசிபுரத்துக்கு மேற்கே, பஸ் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒற்றை வீடு. சரிதாவின் கணவன் நந்தகுமார் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவான். மற்றபடி அந்த வீட்டில் சரிதாவும் தமிழரசும் மட்டும்தான். தமிழரசைக் கேட்டால் மூன்று பேர் என்பான்.

பள்ளி வேனை விட்டு இறங்கியதும் பையை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போவான். ஈர வைக்கோலும் சாணியும் புளித்த தவிடும் கலந்த வாடை அந்த நேரத்தில்தான் கிளம்பிச் சன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். எருமை கால்களை மடக்கிப் படுத்திருக்கும். அதன் வயிற்றில் தலை வைத்துச் சாய்ந்துகொள்வான். அவன் கண்மூடினால் அது வாலை அசைக்காது, ஈ மொய்த்தாலும் காதை ஆட்டாது, அசைபோடுகிற சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளும். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று சொல்கிறவர்கள் அந்த எருமையைப் பார்த்ததில்லை.

சரிதா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். வயிறு எரியும். நந்தகுமார் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டிருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பாள். எருமைமேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள். அவளே ஒருநாள் சிரித்துப் பார்த்தாள். அதற்குள் அவன் எருமையின் காதோரம் விரலால் கோதிவிட, அது அரைக்கண் மூடி அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுபோனது. அப்படியொரு பார்வையை அவன் திருப்பிக் கொடுப்பதையும் கண்டாள். பால்குடி வயதில்கூட அவன் சரிதாவை அப்படிப் பார்த்ததில்லை.

வகுப்பு டீச்சர் பிரபா, அவன் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கிறான், வாயில் எதுவும் இல்லாமலே மென்றுகொண்டிருக்கிறான் என்று சொல்லி அனுப்பியதும் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். குழந்தை டாக்டர் நல்ல மனுஷர். தலையில் அடி பட்டதா, நாய் கடித்ததா, வீட்டில் எந்நேரமும் டிவி ஓடுமா, அப்பா ஊரில் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அவனையே கேட்டார்.

"நான் எருமைங்க சார். தோலுதான் இன்னும் வரல."

டாக்டர் சிரிக்கவில்லை. அவனை வெளியே அனுப்பிவிட்டு, "தனியா இருக்கிற பிள்ளைங்க சிலது இப்படி ஒண்ணைப் பிடிச்சுக்கும்மா. எதனாலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. யாருகிட்டப் பாசம் கிடைக்குதோ அதுவாவே ஆயிடணும்னு பிள்ளைக்குத் தோணலாம். திட்டாதீங்க. அவன் விளையாட்டுல நீங்களும் கொஞ்சம் சேர்ந்துக்குங்க" என்றார்.

யாரிடம் பாசம் கிடைக்கிறதோ என்று அவர் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அப்படியென்றால் அவள் காட்டியது பாசம் இல்லையா? திரும்பி வருகிற பஸ் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இவன் பிறந்தபோது அவளுக்குப் பால் சுரக்கவில்லை, அந்த எருமையின் பால்தான் ஊற்றினார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகள் எருமைப் பால் குடித்து வளர்ந்ததுதான், எவனும் தனக்குக் கொம்பு முளைத்ததாகச் சொல்லவில்லை. பக்கத்தில் அவன் நின்றுகொண்டே வந்தான். சீட்டில் உட்காரச் சொன்னதற்கு, "வாலு மடங்கிக்குமுங்க" என்றான்.

பக்கத்துக் காட்டு ராமாத்தாள்தான் அதை ஞாபகப்படுத்தியவள். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் போசியைத் தூக்கிக்கொண்டு பால் வாங்க வருகிறவள்.

"ஏம்புள்ள, இவனத் தவிட்டுக்கு வித்தமே. பொறகு திருப்பி வாங்குனயா?"

பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிறதுதான். இது எங்கள் பிள்ளை இல்லை என்று எமனை நம்பவைக்க, அடுத்த வீட்டுக்காரி ஒரு பிடி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். முதல் மொட்டை போட்டதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். ராமாத்தாள்தான் வாங்குவதாக இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அவள் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "உங்க எருமைக்கே வித்துப்போடு. தவிட்டுக்கு அதவிட உரிமைப்பட்டது யாரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தபடியே பிள்ளையை எருமைக்குத் தண்ணி காட்டுகிற காய்ந்த தாழிக்குள் படுக்கவைத்து, எருமையின் வாயடியிலிருந்து ஒரு பிடி தவிட்டை அள்ளிக்கொண்டு, "இந்தப் புள்ள இனி உன்னுது" என்று சொன்னாள். அந்த வருஷம் எருமைக்கும் கன்று தங்கவில்லை. அது மெல்லுவதை நிறுத்தியது. குனிந்து பிள்ளையைக் கால்முதல் தலைவரை ஒரே இழுப்பாக நக்கியது. எமனை ஏமாற்றப் போய் எமனின் வாகனத்திடமே கொடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. மொட்டை போட்டு வந்தபோது, எருமையிடம் போய் எதைப் பேரம் பேசுவது என்று விட்டுவிட்டாள்.

"இல்லீங்கக்கா. வாங்கல."

ராமாத்தாள் எருமையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், போசியை மூடிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிதா தலைக்குக் குளித்து, புது மூட்டை பிரித்து, முறம் நிறையத் தவிடு எடுத்துக்கொண்டு போனாள். "வித்த புள்ளய வாங்க வந்துருக்கேன். எடுத்துக்க" என்றாள். எருமை முறத்தை மோந்து பார்த்தது. நாள் முழுக்கத் தின்றாலும் போதாது என்கிற அந்தப் பிராணி மூக்கால் முறத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளியது. இரண்டாம்முறை வைத்தாள். இரண்டாம்முறையும் தள்ளியது.

பின்னால் தமிழரசு நின்றுகொண்டிருந்தான். "அது குடுக்காதுங்க" என்றான், ஆறுதல் சொல்கிற மாதிரி.

சரிதாவுக்கு வந்தது பயம் அல்ல, ஆங்காரம். பத்து மாதம் சுமந்தவள் அவள். ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கியவள் மறுக்கிறாளாம். அன்று மத்தியானமே ஆட்டையாம்பட்டி வியாபாரி கருப்பண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போனபிறகு வண்டி வந்தது. கருப்பண்ணன் தன் கயிற்றைக் கொண்டுவந்திருந்தான். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக்கூடாது, வீட்டு லட்சுமி போய்விடும். பழைய கயிறு முளைக்குச்சியிலேயே கிடந்தது. எருமை முரண்டு பிடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அது பலகைமேல் தானாக ஏறியது. ஏறி நின்று திரும்பிச் சரிதாவைப் பார்த்தது. தோற்றவள் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

நாலரைக்கு வேன் வந்தது. வானம் மூடியிருந்தது. அழுவான் என்று தெரியும், அதற்காக ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையில் தயாராக வைத்திருந்தாள். தமிழரசு காலியான கட்டுத்தரையைப் பார்த்தான். சுருண்டு கிடந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு சரிதாவைக் கால்முதல் தலைவரை நிதானமாகப் பார்த்தான். மூக்கு விடைத்து அடங்கியது. முகம் கனிந்தது. எருமைக்கு மட்டும் வைத்திருந்த அந்தப் பார்வையை எடுத்து அவளுக்குக் கொடுத்தான்.

"அம்மா."

மூன்று மாதமாகப் பட்டினி கிடந்த காது. பொட்டலம் கீழே விழுந்தது. அவள் அழுதாள். அவன் அவள் விரலைப் பிடித்துக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போனான். "இங்க உக்காரு" என்றான். விளையாட்டில் சேர்ந்துகொள்ளச் சொன்னாரே டாக்டர். உட்கார்ந்தாள். எருமை போய் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது, தரை இன்னும் சூடாக இருந்தது.

அவன் அவள் வயிற்றில் தலைசாய்த்தான். மூச்சு சீராக வந்தது. இதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. சற்றுக் கழித்து எழுந்துபோய் முறத்தில் மீந்திருந்த தவிட்டை உள்ளங்கையில் அள்ளிவந்தான்.

"தின்னு."

நாக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொள்வோம் என்று குனிந்தாள். தொண்டையை அடைக்கும் என்று நினைத்தாள். இனித்தது. அவன் மறுபடி அள்ளினான். மறுபடியும் இனித்தது.

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. ஒழுகின இடத்திலிருந்து முதுகில் சொட்டியது, குளிரவில்லை. வீட்டுக்குள் போன் அடித்தது. நந்தகுமார். மணி ஆறு. எழ வேண்டும் என்று நினைத்தாள். எழுந்தால் இந்தப் பார்வை போய்விடும். போன் நின்றது. திரும்ப அடித்தது. காதோரம் அவன் விரல் கோதிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியது. நெற்றியில் ஈ உட்கார்ந்தது. அவள் விரட்டவில்லை. அவன் தூங்கட்டும்.

போன் நின்றது.

கழுத்தில் கயிறு. எப்போது போட்டான் என்று தெரியவில்லை. கையால் தொட்டுப் பார்க்க நினைத்தாள். கை தரையைவிட்டு வரவில்லை.

டார்ச் வெளிச்சம் காட்டுவழியாக ஆடி ஆடி வந்தது. ராமாத்தாள். போசி ஒரு கையில். வெளிச்சம் சரிதாவின் முகத்தில் விழுந்தது. அக்கா, நான் இங்கதான் இருக்கேன். சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். வெளிச்சம் அவளைக் கடந்துபோனது.

"வண்டி ஏத்திட்டாங்கன்னு சொன்னாங்க. விக்கலயாட்ட இருக்குது." தனக்குத்தானே பேசிக்கொண்டாள் ராமாத்தாள். "உங்கம்மா எங்க சாமி? உங்கப்பன் போன் போட்டா எடுக்கறதில்லையாமா."

"இங்கதான் இருக்குது."

ராமாத்தாள் வீட்டுக்குள் போனாள். சரிதா, சரிதா என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு சன்னலாக வெளிச்சம் வந்து போனது. வெளியே வந்தபோது போன் காதில் இருந்தது. "பையன் இருக்கறான், எருமை இருக்குது, அவளத்தான் காணமப்பா. நீ பயப்படாத. நான் இவன எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

குனிந்து அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

என் பிள்ளை.

"அம்மா" என்று கத்தினான் தமிழரசு. ராமாத்தாளின் பிடியில் திமிறிக்கொண்டு, சரிதாவைப் பார்த்து.

"அழுகாத சாமி. அம்மா வந்துருவா. நான் இருக்கறேன்ல."

நீ யார் இருப்பதற்கு. சரிதா எழுந்தாள். நான்கு கால்களும் மண்ணில் பதிந்தன. கயிறு விறைத்தது. ராமாத்தாள் அவனைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி மழையில் நடந்தாள். நாலடி. ஐந்தடி. முளைக்குச்சி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. சரிதா தலையைத் தாழ்த்தினாள். இரண்டு பக்கமும் புதிதாக வந்திருந்த கனம் சரியான இடத்தில் உட்கார்ந்தது.

ராமாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை மட்டும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.