பூஜ்யம் காட்டிய தொட்டி

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில், பிள்ளையின் சிறுநீரைக் கதிர்மானியில் காட்டிய பிறகுதான் பள்ளிக்கூடக் கதவு திறக்கும். நாற்பதைத் தாண்டிய பிள்ளை ஒரு மாதம் தாங்காது. நீர்க்குழுத் தலைவர் சிவக்கொழுந்தின் மகள் நாச்சியாருக்கு அன்று முப்பத்தெட்டு.

அணு உலை வெடித்ததிலிருந்து ஊரே அதன் கழிவுநீரைத்தான் குடிக்கிறது. வேறு தண்ணீர் கிடையாது. அதற்கும் அடிதடிதான். போன வாரம் வரிசையில் இடம் பிடிக்கும் தகராறில் இரண்டு பேரைக் கம்பியால் அடித்தே கொன்றுவிட்டார்கள்.

சிவக்கொழுந்து கீழடுக்குக்குப் போனார். கழிவுத் தொட்டிகளில் இறங்கிச் சேறு அள்ளுகிறவர்களின் குடியிருப்பு அது. பூமியை விட்டுக் கிளம்பியபோது ஆளுக்கு இருபது கிலோ மூட்டைக்குத்தான் அனுமதி; எடையில்லாத சிலவற்றையும் முன்னோர்கள் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

"தவமணி, எம் பொண்ணக் காப்பாத்து. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

தவமணி சேறு அள்ளிய நேரம் போக ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கியது 'சீசியம்விழுங்கி'. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். ஒவ்வொன்றிலும் கதிர்வீசும் சீசியம் மட்டும் நுழைந்து மாட்டிக்கொள்ளும் துளைகள், நடுவே இரும்பு. விழுங்கி முடித்ததும் காந்தத்தால் இழுத்துவிடலாம். ஊரின் இரண்டாம் குடிநீர்த் தொட்டியில் கொட்டினாள். மூன்று மணி நேரம் கழித்துக் காந்தத்தால் அவற்றை வெளியே இழுத்தாள்; மானி பூஜ்யம் காட்டியது.

சுற்றி நின்ற கூட்டம் நம்பவில்லை.

"நீயே குடிச்சுக் காட்டு," என்றார் சிவக்கொழுந்து.

யாராவது மேலிருந்து ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டியவள் அவள். சந்தோஷத்தில் தன்னை மறந்து தொட்டிக்குள் கையை விட்டு அள்ளிக் குடித்தாள்.

முதல் அடி சிவக்கொழுந்துடையது. கம்பி அவள் மணிக்கட்டை முறித்தது.

"தொட்டியிலயே கைய விடுறியா, நாயே!"

பிறகு எல்லோரும் பாய்ந்தார்கள். மிதித்தார்கள். மண்டை பிளந்தது. சே, என்ன ஜனங்கள்!

"அதுல துளி விஷம் இல்லீங்க... பாப்பாவுக்குக் குடுங்க," என்றாள் ரத்தத்தைத் துப்பியபடி. அடுத்த உதை வாயில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

அந்தத் தொட்டியின் நாற்பதாயிரம் லிட்டரையும் வெளியே திறந்துவிட்டார்கள். செவ்வாயின் மணல் அதைக் குடித்தது.

சிவக்கொழுந்தின் கையில் அவள் ரத்தம் இன்னும் காயவில்லை. அந்தக் கையாலேயே, துகள் கொட்டாத முதல் தொட்டியில் டம்ளரை முக்கி, மகளின் வாயருகே கொண்டுபோனார்.

"குடி கண்ணு. இது கண்டவங்க கை படாத தண்ணி."