கண்மாயில் மிதந்த கஞ்சிப்பானை

"சுருக்கா வா ஆத்தா! வெளிச்சம் வந்துட்டா வாத்து நம்மளைப் பாத்துரும்!"

நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி உடையப்பன் கண்மாய்க்கரையில் முன்னால் ஓடினார். கஞ்சிப்பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மகள் வள்ளிமயில் பின்னால் வந்தாள். வேட்டைக்குத் தடை வராத காலம் அது. மதுரை ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த வள்ளிமயில் பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய அக்கா இருளாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள். எதைத் தின்றாலும் குமட்டுகிறது என்று இளைத்துப் போனவள், நேற்றுத்தான் வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். வாத்துக்கறி!

மழை பெய்து கண்மாய் கடல்போல் விரிந்து கிடந்தது. வாழைமரத் தெப்பத்தில் இருவரும் ஏறி, நடுவிலிருந்த திட்டை நோக்கிக் கம்பு ஊன்றினார்கள். பாதி வழியில், தண்ணீருக்குள் மூழ்கியிருந்த கருவேல மரத்தில் தெப்பம் முட்டிச் சாய்ந்தது.

"புடிங்கய்யா! புடிங்க!"

ஆளைப் பிடித்தாயிற்று, துப்பாக்கியையும் பிடித்தாயிற்று. வெடிமருந்துப் பை மட்டும் தண்ணீரில் முங்கி எழுந்தது. திட்டில் இறங்கி உடையப்பன் பையைப் பிரித்தார். கருமருந்து களிபோல் குழைந்திருந்தது!

"போச்சு! இனி இது துப்பாக்கி இல்லே, ஊன்றுகோல்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

விடிந்தது. கிளுவை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் கூட்டங்கூட்டமாக வந்து எதிரே இறங்கின. வேடிக்கை பார்த்துக்கொண்டே இருவரும் கஞ்சியைக் குடித்தார்கள். வேறென்ன செய்வது? வள்ளிமயில் பானையைக் கழுவும்போது அது கைநழுவி, மெல்ல மிதந்து வாத்துக் கூட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. ஒரு வாத்துகூடப் பறக்கவில்லை! ஒன்று பக்கத்தில் வந்து பானையை அலகால் கொத்திக்கூடப் பார்த்தது.

"அய்யா, பாத்தீகளா? பானைக்குப் பயப்படலையே! அதைத் தலையில கவுத்துக்கிட்டுப் போனா..."

"உனக்கென்ன கிறுக்கா? சும்மா இரு!" என்று திரும்பிய உடையப்பனின் முகம் மாறியது. "ஏத்தா, தெப்பத்தைக் காணோமே!"

அவர் அவசரத்தில் கட்டிய முடிச்சு அவிழ்ந்திருந்தது. காற்றில் நகர்ந்துபோன தெப்பம், வாத்துகளுக்கும் அப்பால் ஒரு மரக்கிளையில் சிக்கி நின்றது. அதே நேரம் முதுகுப் பக்கம் ஒரு சீறல்! மழைவெள்ளத்துக்குத் தப்பி அந்தத் திட்டில் ஒதுங்கியிருந்த நல்ல பாம்பு ஒன்று, படம் விரித்து நின்றது.

உடையப்பன் துப்பாக்கிக் குழலை நீட்டி மகளை மறைத்து நின்றார். "நகராதே தாயி. தெப்பம் சாஞ்சப்பவே எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, அம்புட்டுத் தூரம் நீந்த முடியாது. நீ எப்படியாச்சும் போய்த் தெப்பத்தைக் கொண்டா!"

வள்ளிமயில் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி முங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில் மிதந்த பானையை நீருக்கடியிலிருந்தே எட்டிப் பிடித்தாள். அதில் மெழுகு வைத்து அடைத்திருந்த இரண்டு பழைய ஓட்டைகளைக் கொண்டை ஊசியால் குடைந்து கண்ணுக்குத் திறந்தாள், தலையில் கவிழ்த்தாள், அங்கே ஆழம் குறைவாக இருந்ததால் கழுத்தளவு நீரில் மெல்ல நடந்தாள். தெப்பத்துக்குப் போகும் வழி வாத்துகளின் நடுவேதான் கிடந்தது. பாம்பு நின்ற இடத்தைவிட்டு அசையாததால், போகிற வழியில் கிடைத்ததைப் பிடிக்கலாம் என்று துணிந்தாள்.

பானைக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குப் பேய்க்காற்றுபோல் இரைந்தது. ஓட்டைக்கு நேரே ஒரு வாத்து வந்தது. நீருக்கடியில் கையை நீட்டிக் காலைப் பற்றி ஒரே இழுப்பு! சத்தமில்லாமல் உள்ளே போனது. மற்ற வாத்துகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்றும் அகப்பட்டது. இரண்டையும் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். எல்லாவற்றிலும் கொழுத்த ஊசிவால் ஒன்று கையருகே வந்து நின்றது. விரல்கள் நீண்டன...

"ஆத்தா! பாம்பு கிட்ட வருதுடி!"

கத்தல் கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. பானையைப் பிடுங்கி எறிந்தாள். கூட்டம் முழுவதும் படபடவென்று வானுக்கு எழுந்தது. கொழுத்த வாத்தும் போயிற்று! அவள் கையை வீசி நீந்தித் தெப்பத்தை விடுவித்து, கம்பை ஊன்றித் தள்ளினாள். இறக்கைகளின் இரைச்சலில் அப்பாவின் குரல்கூடக் கேட்கவில்லை.

திட்டை நெருங்கியபோது உடையப்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழலால் பாம்பைத் தடுத்துக்கொண்டிருந்தார். "கையைக் குடுங்கய்யா!" என்று அவள் அவரை வாரி இழுத்துத் தெப்பத்தில் போட்டாள். மூச்சு வாங்கியபடி உடையப்பன் பாம்பைப் பார்த்துக் கும்பிட்டார்.

"திட்டு உனக்கே சாமி. நல்லாரு!"

அப்பாவும் மகளும் சிரித்த சிரிப்பில் தெப்பம் மறுபடியும் சாயப் பார்த்தது.

அன்று மத்தியானம் இருளாயி இரண்டாம் முறை சோறு வாங்கி, மிளகு போட்ட குழம்பை வழித்துச் சாப்பிட்டாள். கண்மாயில் நடந்ததைக் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது.

"உடையப்பண்ணே, ஒரு குண்டுகூடச் சுடாம வேட்டையாடிட்டு வந்தீகளாமே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

உடையப்பன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"வேட்டைக்குப் போனது என் மகப்பா. ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காப் போடத் தெரியாம, நான் துணைக்குப் போனேன்."