மூன்று கறிவேப்பிலைப் பழங்கள்

ஹொசகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த லட்சுமம்மா, சிவாஜிநகரில் பிரிஜெட் வீட்டு மேஜைமேல் ஒரு கடிதத்தையும் சோதனை அறிக்கையையும் வைத்தார். பிரிஜெட் முப்பது வருடம் ஏற்றுமதிப் பயிர்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்யும் புலன்விசாரணைகளில் ஒட்டிக்கொள்ளும் வக்கீல் வீணா கடிதத்தை முதலில் பாய்ந்து எடுத்தாள்.

லட்சுமம்மா தோட்டத்துக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் அளவை மீறியதாம். ஐரோப்பாவில் மொத்தச் சரக்கையும் எரித்துவிட்டார்கள். வரி என்றால் கட்டித் தொலைக்கலாம், இந்த எச்ச அளவு விதியைக் காசு கட்டித் தாண்ட முடியாது. அவரிடம் இலை வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனி அவருடைய தோட்டப் பதிவு எண்ணை ரத்து செய்துவிட்டது. எண் இல்லாத இலையை எந்த ஏற்றுமதிக்காரனும் தொடமாட்டான்.

"கம்பெனி ஆளு கிரண் சார் சாம்பிள் எடுத்தப்போ சுத்தமா இருந்துச்சாம். அப்புறம் நான் திருட்டுத்தனமா மருந்து அடிச்சேனாம். மருந்தைக் குடுத்ததே அவருதான் மேடம், சாம்பிளுக்கு முன்னாடியே."

"அப்போ லேப்லதான் தப்பு, ஆன்ட்டி," என்றாள் வீணா.

அறிக்கையில் சாம்பிளின் படம் இருந்தது: பளபளக்கும் ஒரு கொத்து, நுனியில் மூன்று கருத்த பழங்கள். பிரிஜெட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்கு ஒருதரம் அறுக்கறீங்க?"

"மூணு மாசத்துக்கு ஒருவாட்டி. இடுப்பு உயரத்துக்கு மேல விடறதில்ல."

"லேப் மேல தப்பில்ல வீணா. குடுத்ததைத்தான் சோதிச்சிருக்காங்க."

மறுநாள் மல்லேஸ்வரத்தில், கம்பெனியின் கள அதிகாரி கிரண் தன் வீட்டில் பிரிஜெட்டுக்கும் வீணாவுக்கும் காபி கொடுத்தான். விவசாயிகளின் பேராசையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான்.

"உங்க வீட்டுக்குக் கறிவேப்பிலை எங்க வாங்கறீங்க?" என்றார் பிரிஜெட் சாதாரணமாக.

"கடையிலயா? அந்த விஷத்தை யார் சாப்பிடுவா மேடம்? பின்னாடியே மரம் இருக்கு."

பின்னால் போனார்கள். மாடி உயர மரம், கொத்துக் கொத்தாகக் கருத்த பழங்கள்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் வெட்டற செடிக்குப் பூக்கவே நேரமில்ல, எங்க பழுக்கும்?" என்றார் பிரிஜெட். "வருஷக்கணக்கா வெட்டாத வீட்டு மரத்துலதான் பழம் வரும். உங்க சாம்பிள் இங்கிருந்து போயிருக்கு. மத்த தோட்டத்துப் படங்களையும் பார்க்கலாமா?"

கிரணுக்கு வேர்த்தது. "பதினாலு தோட்டத்துக்கும் இந்த மரத்து இலைதான். யார் ஊர் ஊரா அலையறது? ரூல் பேப்பர்தானே கேக்குது."

"எரிச்சது போக, அனுப்பாத இலையெல்லாம் எங்க போகுது?" என்றார் பிரிஜெட்.

"சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு. இங்க யாரு டெஸ்ட் பண்றாங்க?"

வீணா தன் பேனாவை அவனிடம் நீட்டினாள். மருந்து கொடுத்தது உட்பட நடந்ததையெல்லாம் அவனை எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினாள். அந்தப் பேனாவைத் திரும்பத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த வாக்குமூலத்தைக் காட்டியதும், அடுத்த வாரம் பதிவு எண் திரும்பக் கிடைத்தது. லட்சுமம்மா கண் கலங்கி, ஒரு பை நிறையக் கறிவேப்பிலையை வீணாவின் கையில் திணித்தார். அவள் தயங்கியதைக் கண்டு சிரித்தார்.

"பயப்படாம சாப்பிடும்மா. இது தோட்டத்துது இல்ல, எங்க வீட்டு மரத்துது. தோட்டத்து இலையை நாங்க வாயிலயே வைக்கறதில்ல."

வீணா பைக்குள் பார்த்தாள். இலைகளுக்கு நடுவே, கிரண் வீட்டு மரத்தில் பார்த்தது போலவே, கருத்த பழங்கள் இருந்தன.